தராசுக்கு முத்திரை: ஹிஸ்பாவும் இன்றைய சட்டமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் ஹழ்ரத் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வணிகத்தில் நேர்மை குறித்துச் சிறிது நேரம் உரையாற்றுமாறு நிர்வாகிகள் கேட்டுக்கொண்டனர். நம் மஹல்லாவில் பெரும்பாலோர் வணிகர்கள். மளிகை, இறைச்சி, பாத்திரம், ஜவுளி, இனிப்பகம் என ஏதேனும் ஒன்றில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தொடர்பு உண்டு. அளவில் குறைப்போருக்கு வரவிருக்கும் கேட்டைப் பற்றித் திருமறையில் தனியே ஓர் அத்தியாயம் இருப்பதும், மத்யன் நகரத்தார் நிறுவையில் மோசடி செய்து அழிந்ததும், அவர்களைத் திருத்த நபி ஷுஐப் (அலை) அவர்கள் பாடுபட்டதும் நீங்கள் ஜும்ஆ மேடையில் பலமுறை கேட்டவையே. ஆகவே அவற்றை விரித்துரைக்க நான் முனையவில்லை. அங்காடியை ஒருவர் மேற்பார்வையிட வேண்டும் என்பது நம் மார்க்கத்தில் எத்தகைய இடத்தைப் பெற்றிருக்கிறது, அந்த மேற்பார்வையை நாம் இன்று எவ்வாறு எதிர்கொள்கிறோம் என்ற ஒன்றை மட்டும் பேச விரும்புகிறேன்.

தொழிலாளர் துறை ஆய்வாளரோ உணவுப் பாதுகாப்பு அலுவலரோ கடைத்தெருவின் ஒரு முனையில் வண்டியை விட்டு இறங்கினால், மறுமுனைக் கடைக்குக் கைப்பேசியில் செய்தி பறந்துவிடுகிறது. ஷட்டர்கள் பாதி இறங்குகின்றன. ஒரு தராசு உள்ளே போகிறது, வேறொரு தராசு வெளியே வருகிறது. வணிகனைத் துன்புறுத்துவதற்கென்றே அரசு அனுப்பிய ஆள் என்று அவரை எண்ணுகிறோம். அவருள் துன்புறுத்துவோரும் உளர். அதைப் பின்னர்ச் சொல்வேன். ஆயினும் அவர் செய்யும் பணி அந்நியர் எவரும் புகுத்திய பணியன்று. அதன் பெயர் ஹிஸ்பா. அதைச் செய்பவருக்கு முஹ்தஸிப் என்று பெயர். நம் முன்னோர் அதை ஒரு வணக்கமாகவே கருதி வந்தனர்.

மதீனாவின் அங்காடியில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அவர்கள் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்று வணிகர் காரணம் கூறினார். மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று பெருமானார் வினவினார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். இந்த எச்சரிக்கையை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். குவியலுக்குள் கை நுழைந்ததை மறந்துவிடுகிறோம். வணிகரின் சொல்லை நம்பி அப்பால் செல்லாமல், மேற்பரப்பைப் பார்த்து நிறைவடையாமல், அடியில் இருப்பதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆய்வு என்பது இதுதான். அத்துடன் அந்த வணிகர் மழையை வரவழைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். தானியம் நனைந்தது அவர் குற்றமன்று. நனைந்ததை மறைத்ததே குற்றம். காலாவதி நாளை அழித்து வேறு நாள் ஒட்டுவோருக்கு இதில் படிப்பினை உண்டு.

மக்கா வெற்றிக்குப் பின் அந்நகரத்தின் அங்காடிக்கு ஸஈத் இப்னு ஸஈத் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைப் பெருமானார் பொறுப்பாக நியமித்தார்கள் என ஸஹாபாக்களின் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவானபின் தாமே அங்காடியில் உலாவி வந்தார்கள். ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரலி) என்ற பெண்மணியிடம் அங்காடி சார்ந்த பொறுப்பு ஒன்றை ஒப்படைத்தார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் அதன் மீது நான் எதையும் கட்டியெழுப்பவில்லை.

பாலில் தண்ணீர் கலக்க மறுத்த பெண்ணின் வரலாறு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். உமர் பார்க்கவா போகிறார் என்று தாய் கேட்க, உமரின் இறைவன் பார்க்கிறானே என்று மகள் விடையளித்தாள். இரவில் நகர்வலம் வந்த கலீஃபா அதைச் செவியுற்று, அவளைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள். மகளின் இறையச்சத்தைப் புகழ்ந்து நாம் பயானை முடித்துவிடுகிறோம். அதற்கு முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது. பாலில் தண்ணீர் கலக்கக் கூடாது என்று ஆட்சியாளரின் ஆணை ஊரெங்கும் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த ஆணையை நினைவூட்டித்தான் மகள் பேச்சைத் தொடங்குகிறாள். எல்லோரும் அந்தப் பெண்ணைப் போல் இருந்துவிட்டால் ஆணைக்கே தேவையில்லை. அவ்வாறு இருக்கமாட்டார்கள் என்பதை அறிந்திருந்த கலீஃபா உபதேசத்தோடு நின்றுவிடவில்லை.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல் மறைந்தவர்கள். 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்ற தம் நூலின் இறுதி அத்தியாயத்தை ஹிஸ்பாவுக்கென ஒதுக்கி, காழிக்கும் முஹ்தஸிபுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகிறார்கள். காழி தம் அவையில் அமர்ந்திருப்பார். வழக்குடையவர் அவரைத் தேடி வர வேண்டும். முஹ்தஸிபுக்கு எவரும் முறையிட வேண்டியதில்லை. அவரே அங்காடிக்குச் செல்வார், வெளிப்படையான தவற்றைக் கண்டால் தாமே தடுப்பார். ஆனால் மறைவாக இருப்பதைத் துருவி ஆராய்வதற்கும், வீட்டுத் திரையை விலக்கிப் பார்ப்பதற்கும் அவருக்கு உரிமை இல்லை. அதிகாரமும் அதன் எல்லையும் ஒருசேர வகுக்கப்பட்டதைப் பாருங்கள்.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த ஷைஸரீ என்ற அறிஞர் முஹ்தஸிபுகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். எடைக்கற்கள் இரும்பினால் இருக்க வேண்டும் என்கிறார். கல்லாக இருந்தால் ஒன்றோடொன்று மோதித் தேய்ந்துவிடும். இரும்பு கிடைக்காத இடத்தில் கல்லையே பயன்படுத்த நேர்ந்தால், அதற்குத் தோல் உறை தைத்து, சரிபார்த்து, முஹ்தஸிப் தம் முத்திரையை இட வேண்டும். வணிகர் அறியாத நேரத்தில் வந்து சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலின் நுட்பத்தையும் ஒருவரே அறிய முடியாதாகையால், அந்தந்தத் தொழிலாளரிடையே நம்பிக்கைக்குரிய ஒருவரை 'அரீஃப்' ஆக வைத்துக்கொள்ள வேண்டும். முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில் இப்பதவி எவ்வளவு வேரூன்றியிருந்தது என்றால், ஆட்சி கைமாறிய பின்னரும் கிறித்தவ மன்னர்கள் அதை விட்டுவிடவில்லை. எடையளவுகளைச் சரிபார்க்கும் அலுவலரை ஸ்பானிய மொழியில் 'அல்மோத்தசேன்' என்றே அழைத்தார்கள். அல் முஹ்தஸிப் என்ற சொல்லின் திரிபுதான் அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தராசுகளையும் எடைகளையும் ஆள்வது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் இதைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. மின்னணுத் தராசை ஆண்டுக்கொரு முறையும், எடைக்கற்களை இரண்டு ஆண்டுகளுக்கொரு முறையும் சரிபார்த்து முத்திரையிட்டுக்கொள்ள வேண்டும். சரிபார்ப்புச் சான்றிதழைக் கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். ஷைஸரீயின் தோல் உறைக்கும் இந்த ஈய முத்திரைக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன; நோக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கிலோவுக்கு 20 கிராம் குறைகிறது என வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கைக்கு அது தெரியாது. ஒரு நாளில் 50 கிலோ விற்கும் கடையில் ஒரு கிலோ மிஞ்சும். 300 நாட்களில் 300 கிலோ. இதில் மோசடி நோக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. தராசு சமதளத்தில் இல்லாவிட்டாலும், பல காலம் சரிபார்க்கப்படாவிட்டாலும் இது நேரலாம். அல்லாஹ்வுக்குரிய கடமையில் தவறியவன் தவ்பாச் செய்தால் அவன் மன்னிப்பான். அடியார்களின் ஹக்கோ உரியவரிடம் திருப்பிச் சேர்க்கப்பட்டாலன்றி அல்லது அவர் மன்னித்தாலன்றித் தீராது. ஒருவரிடம் ஆயிரம் ரூபாய் அபகரித்தவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். பேருந்து நிலையத்துக் கடையில் பெயரறியாத பல்லாயிரம் பேருக்கு இருபது இருபது கிராமாகக் குறைத்தவர் எந்தக் கதவைத் தட்டுவார்? உரியவரைக் கண்டறிய வழியே இல்லாதபோது அந்த மதிப்பை அவர்கள் சார்பில் தர்மம் செய்ய வேண்டும் என உலமாக்கள் கூறியிருக்கிறார்கள். தொகை எவ்வளவென்று கணக்கிடுவதற்கே ஓர் ஆயுள் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிட ஆகும் செலவையும் அரைநாள் அலைச்சலையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிப்பகம் நடத்துவோர் வருந்த வேண்டாம். இதையும் சொல்லியாக வேண்டும். அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுத்து, பெட்டியின் எடைக்கும் இனிப்பின் விலையை வாங்குவது வழக்கமென்று ஆகிவிட்டது. வழக்கமாகிவிட்டதனால் அது ஹலாலாகிவிடாது. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. நிகர எடை என்பது பொருளின் எடை மட்டுமே. அதுபோலவே, பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் இரண்டு ரூபாய் சேர்த்து, குளிரூட்டிய கூலி என்று பெயர் வைக்கிறார்கள். அச்சிட்ட விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் சில்லறை வணிகர் விற்பது குற்றம்.

இங்கே ஓர் இளைஞர் என்னிடம் ஒருமுறை கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. மதீனாவில் விலை உயர்ந்தபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டியும் பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்களே, அவ்வாறாயின் விலையில் அரசு தலையிடலாமா என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. இயல்பாக ஏறும் விலையைக் கட்டாயப்படுத்தி இறக்குவது வணிகருக்கு அநீதியாகும் என்பதே அந்த மறுப்பின் கருத்து. பொருளைப் பதுக்கி, வணிகர்கள் தமக்குள் கூடிப் பேசி விலையை உயர்த்தும்போது நிலை வேறு. அப்போது நியாய விலையில் விற்குமாறு ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ஹிஸ்பா பற்றிய தம் நூலில் வாதிட்டுள்ளார்கள். மேலும், நான் கூறிய அதிகபட்ச விலையை இங்கே அரசு வைக்கவில்லை; பெரும்பாலான பொருட்களுக்கு உற்பத்தியாளரே வைக்கிறார். அதை மீறாதே என்பது மட்டுமே அரசின் கட்டளை.

இந்த நாட்டின் சட்டம் ஷரீஅத் அல்லவே, அதை மீறுவது பாவமாகுமா என்றும் கேட்பவர் உண்டு. உரிமம் பெறும்போது விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையொப்பமிடுகிறோம். அது ஒப்பந்தம். பாவத்தை ஏவாத, மக்களின் உரிமையைக் காக்கின்ற விதிக்கு உடன்பட்டபின் அதை மீறுவது வாக்குறுதியை மீறுவதாகும்.

விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். மதரஸாவில் ஃபிக்ஹு நூலைக் கையில் எடுத்த மாணவன் கொடுக்கல் வாங்கல் பாடத்தில் கியார் என்ற சொல்லைப் படிக்கிறான். மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். இது கியாருல் ஐப். பால் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, நிறையப் பால் தரும் ஆடு போலக் காட்டி விற்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர், மூன்று நாட்களுக்குள், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் ஆட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இதுவே சட்டம். ஹனஃபீ அறிஞர்களின் விளக்கம் வேறு, அதற்கு இப்போது நேரமில்லை. இப்போது நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்திற்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பி எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது. பில் தர மறுப்பதும் அப்படியே. நம்மவர் கடைகளில் சுவரின் ஒரு பக்கம் ஆயத்துல் குர்ஸி, மறுபக்கம் அந்தப் பலகை. இரண்டும் ஒரே சுவரில் எவ்வாறு இருக்க முடியும்?

பில் என்றவுடன் ஒரு செய்தி. நான் முன்னர்ப் பணியாற்றிய வேறோர் ஊரில் நடந்தது. ஒரு விதவைத் தாய் மகளின் திருமணத்திற்கென நகை வாங்கினார். விற்றவர் அதே ஜமாஅத்தைச் சேர்ந்தவர், நன்கு பழகியவர். பில் இல்லாமல் வாங்கினால் மூன்று விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சம் என்று அவரே கூறியிருக்கிறார். செய்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டிக் காட்டிப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து மருமகனின் மருத்துவச் செலவுக்காக வங்கியில் அடகு வைக்கச் சென்றபோது, மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து, இது இருபத்திரண்டு காரட் இல்லை என்று கூறிவிட்டார். அந்தத் தாய் காவல் நிலையத்துக்கும் போகவில்லை, நுகர்வோர் ஆணையத்துக்கும் போகவில்லை. போகவேண்டாம், நம் ஜமாஅத்தின் பெயர் கெடும் என்று பெரியவர்கள் சிலர் அவரிடம் கூறியிருந்தார்கள். பஞ்சாயத்து நான்கு முறை கூடியது. பில் இல்லாததால் விற்றவர் அது தாம் விற்ற நகையே அன்று என்றார். இறுதியில் ஒரு சிறு தொகையைத் தவணையாகத் தந்தார். அதுவும் பாதியில் நின்றது.

சமரசம், அதாவது ஸுல்ஹு, மார்க்கத்தில் உயர்ந்தது. ஆனால் ஹலாலை ஹராமாக்கும், ஹராமை ஹலாலாக்கும் சமரசம் செல்லாது என்பதும் மார்க்கமே. ஒருவரின் உரிமையை அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது சமரசம். ஊர்ப் பெரியவர்களின் முகத்திற்கு அஞ்சி அவர் வாய்மூடினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஜமாஅத்தின் பெயர் எதனால் கெட்டது? அந்தத் தாய் முறையிட்டிருந்தால் கெட்டிருக்குமா, அந்த வணிகர் விற்றபோதே கெட்டுவிட்டதா?

இன்று அத்தகைய நிலை நேராமலிருக்க வழி உண்டு. 2021 ஜூன் 16 முதல் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் மேலும் பல மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. நகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னமும், தூய்மையைக் காட்டும் எண்ணும், எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு இடக் குறியீடும் இருக்க வேண்டும். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது இருபத்திரண்டு காரட். 750 என்றால் பதினெட்டு காரட். அந்த ஆறு இடக் குறியீட்டை 'பிஐஎஸ் கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் இட்டால் விவரம் தெரியும். ஹால்மார்க் இட்ட நகையில் தூய்மை குறைந்திருந்தால், குறைவின் மதிப்பைப் போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற விதி உண்டு. தாய்மார்களே, இவை அனைத்தும் பில் கையில் இருந்தால்தான் பயன் தரும். மூன்று விழுக்காட்டை மிச்சப்படுத்த எண்ணி முழுவதையும் இழக்காதீர்கள்.

முஹ்தஸிப் வராவிட்டால் காழியிடம் செல்ல வேண்டும். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் அதற்கானது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். பொருளுக்காக நாம் தந்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே முறையிடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி இது. முதலில் பேசிப் பார்க்க விரும்புவோருக்கு 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் ஐயம் எழுந்தால் அங்கேயே உள்ள ஐந்து லிட்டர் முத்திரைக் கலத்தில் அளந்து காட்டுமாறு கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பவர்தாம் குறைவு.

மேற்பார்வையிட வருபவரே கை நீட்டினால் என்ன செய்வது என்று நீங்கள் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஷைஸரீ தம் கையேட்டில், முஹ்தஸிப் மக்களிடமிருந்து அன்பளிப்பும் பெறலாகாது என்று எழுதியிருக்கிறார். ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் தமக்குக் கிடைத்த அன்பளிப்பைத் தனியே எடுத்துவைத்தபோது, தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது கிடைத்திருக்குமா எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் மேடையில் நின்று கண்டித்தார்கள். கையூட்டு வாங்குபவரோடு கொடுப்பவரும் சாபத்திற்குள்ளாகிறார். தராசு சரியாக இருந்து, சான்றிதழும் சுவரில் தொங்கினால், மாமூல் கேட்பவரிடம் இல்லை என்று கூறும் துணிவு வணிகருக்கு வரும். வேறு தராசை உள்ளே ஒளித்து வைத்திருப்பவருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்? அவர் ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அத்தகைய அலுவலர் மீது முறையிட ஊழல் தடுப்புத் துறை இருக்கிறது. தனி வணிகர் அஞ்சினால் ஜமாஅத்தே முன்னின்று முறையிடலாம்.

நிர்வாகக் குழுவிடம் சில வேண்டுகோள்கள். பள்ளிவாசலின் வக்ஃப் கடைகளிலிருந்து வரும் வாடகையில்தான் இந்த விளக்கு எரிகிறது, முஅத்தினுக்கும் எனக்கும் ஊதியம் வருகிறது. குறைந்த நிறுவையிலிருந்து வந்த காசு அதில் ஒரு ரூபாயேனும் கலந்துவிடக் கூடாது. எனவே வாடகை ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும்போது, தராசு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும், சான்றிதழ் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், கேட்பவருக்குப் பில் தர வேண்டும் என்ற மூன்றையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டுகிறேன். ஒவ்வொரு தொழிலிலும் அனுபவமுள்ள ஒருவரை, அன்றைய அரீஃப் போல, குழு தெரிவு செய்து, ஏமாற்றப்பட்டோருக்கு முறையீடு எழுதித் தர ஏற்பாடு செய்யலாம். முறையிடுபவரை எவரும் தடுக்கக் கூடாது என்பதைத் தீர்மானமாகவே எழுதிவைக்கலாம்.

இன்னொன்று நம்முடைய சொந்தத் தராசு. கூட்டுக் குர்பானியில் மாட்டின் ஏழு பங்குகளையும் உத்தேசமாகப் பிரிக்கலாகாது, நிறுத்தே பிரிக்க வேண்டும் என்பது ஹனஃபீ சட்டம். பள்ளிவாசல் பின்கட்டில் நாம் அதற்குப் பயன்படுத்தும் தராசு எந்த ஆண்டில் வாங்கியது என்று பொருளாளர் அவர்களுக்கே நினைவில்லை. அதில் முத்திரையும் இல்லை. வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பாக அதனைத் தொழிலாளர் துறை அலுவலகத்திற்கு எடுத்துச் சென்று சரிபார்த்து வருவதற்கு இருவரை இன்றைய கூட்டத்திலேயே நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.